மணற்கல்லில் ஃபால்ட் இருந்தால் தண்ணீர் ஓடுமா, நிற்குமா?

கேள்வி – புவியியல் மாணவி
எங்கள் பக்கம் முழுக்கக் கருங்கல் பாறை. போர் போட வருபவர்கள் வெடிப்பு எங்கே என்றுதான் தேடுவார்கள், கிடைத்தால் தண்ணீர். அதனால் ஃபால்ட் (பாறை உடைந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கும் இடம்) என்றாலே தண்ணீர் வருகிற வழி என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் மணற்கல் பற்றிய பாடத்தில், ஃபால்ட்டுக்கு இரு பக்கமும் நீர்மட்டம் வேறுவேறாகப் படம் போட்டிருக்கிறார்கள். உடைந்த இடம் எப்படித் தடுப்பாகும்?

மணல்மேடு
கருங்கல்லில் துகள்களுக்கு நடுவே இடமே கிடையாது, உடைந்தால்தான் வழி. மணற்கல்லில் உடையாமலே மணிகளுக்கு இடையில் தண்ணீர் ஓடும். அங்கே ஃபால்ட் நகரும்போது மணிகள் நொறுங்கி மாவாகி இருந்த இடைவெளியையும் அடைத்துவிடும், நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் அது ஃபால்ட் தளம் நெடுக இழுபட்டுப் பூசினாற்போல ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நீரில் கரைந்து வருகிற கால்சைட்டோ சிலிக்காவோ படிந்து மிச்சத்தையும் இறுக்கும். இது எதுவும் நடக்காவிட்டாலும், ஒரு பக்கம் போதுமான அளவு இறங்கினால் மணற்கல்லுக்கு எதிரே தண்ணீர் விடாத களிப்பாறை வந்து நின்றுவிடும்.

கிணற்றடி
இதற்கு நெதர்லாந்தின் ஊடன் பக்கம் நல்ல உதாரணம். அங்கே பீல் எல்லை ஃபால்ட் ஓடுகிறது. மேட்டுப் பக்கம் சதசதவென்று ஈரம், தாழ்ந்த பக்கம் காய்ந்த நிலம்! மேட்டிலிருந்து வரும் நிலத்தடி நீர் ஃபால்ட்டில் முட்டி மேலே கசிகிறது, அதிலுள்ள இரும்பு காற்றுப் பட்டதும் வாய்க்காலெல்லாம் துரு நிறம். அது கல்லாக இறுகாத மணலும் களியும்தான், ஆனாலும் நடப்பது இதேதான்.

பழைய போர்க்காரன்
தடுப்பு என்று ஒரேயடியாக முடிவு கட்டாதீர்கள் அம்மா. டெக்சாஸின் எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறையைப் பாருங்கள். பால்கோன்ஸ் ஃபால்ட்டுகள் படிப்படியாக அதை வெட்டியிருக்கின்றன. பெயர்ச்சி அதிகமான இடத்தில் குறுக்கே போக வழியில்லை, ஆனால் ஃபால்ட்டை ஒட்டிய வெடிப்புகள் கரைந்து அகன்றிருப்பதால் அதன் நெடுக வடகிழக்காகத் தண்ணீர் பாய்ந்து, நியூ பிரவுன்ஃபெல்ஸில் கோமால் ஊற்றாக மேலே வருகிறது. 1950களின் வறட்சியில், 1956ல், அந்த ஊற்றே சில மாதம் நின்றுபோனது. ஆக, குறுக்கேயா நெடுகவா என்று கேட்காமல் ஒரு ஃபால்ட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

புவியியல் மாணவி
நன்றி. சரி, களத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மணல்மேடு
ஒரு கிணற்றில் ஒரே வேகத்தில் இறைத்துக்கொண்டே பக்கத்துக் கிணற்றில் மட்டம் இறங்குவதை அளந்து, நேரத்தை மடக்கை (log) அளவில் வைத்துக் கோடு போடுங்கள். முதலில் ஒரே சரிவாகப் போகும், இறைப்பின் தாக்கம் தடுப்பை எட்டிய பிறகு போகப்போகச் சரிவு இரண்டு மடங்காகும். ஃபால்ட்டுக்கு மறுபக்கக் கிணறு அசையாமல் இருந்தால் இன்னும் உறுதி. ஆனால் மணல் அடுக்கு அந்த இடத்தோடு தேய்ந்து முடிந்துபோயிருந்தாலும் கோடு இப்படியேதான் வரும், அதனால் இரு பக்கமும் போர் மண் மாதிரியைப் பார்க்காமல் ஃபால்ட் மேல் பழி போடாதீர்கள்.