புதுப்பிப்பு: டீலர் மீட்டிங், ஸ்பீக்கர் இரைச்சல், வாய் திறக்காத கூட்டம்

காட்பாடி பக்கம் ஒரு மண்டபத்தில் 200 பேர் டீலர் மீட்டிங். லேப்டாப்பை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், கேள்வி நேரத்தில் மௌனம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் வழி கிடைத்தது.

முதலில் இரைச்சல். மிக்சர் (எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) மேல் குற்றமில்லை. லேப்டாப் சார்ஜர் மேடை பிளக்கில், மிக்சர் ஹால் கடைசியில் வேறு போர்டில். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள் வழியாகக் கரண்ட் சுற்றுகிறது. சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கும், அதுதான் சோதனை. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து, ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டினால் தீர்ந்தது. சிலர் எர்த் பின்னையே உடைத்துவிடுவார்கள். ஷாக் அடித்தால் உயிருக்கு ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் சில வினாடிகளுக்கு மிக்சர், லேப்டாப், எல்இடி பிராசசர் (மேடை எல்இடி திரைக்குப் படம் அனுப்பும் கருவி) மூன்றுக்கும் 1 கேவிஏ யுபிஎஸ் போதும். எல்இடி சுவரை, அதாவது அந்தப் பெரிய திரையை, அதில் மாட்டாதீர்கள், தாங்காது.

கேள்வி நேரத்துக்கு: வட்ட மேஜைக்கு 6 பேர், மேடைக்கு முதுகு காட்டும் பக்கம் காலி. முதலில் 3 நிமிஷம் மேஜைக்குள் பேசி ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதட்டும். 'எங்க டேபிள் கேள்வி' என்றால் கூச்சம் போய்விடும். கார்ட்லெஸ் மைக்கை வாலண்டியரே பிடிக்கட்டும். கையில் கொடுத்தால் வலைத்தலையைப் பொத்திப் பிடித்து ஊளையிட வைத்துவிடுவார்கள்.