50 மி.மீ. எஃப் 1.4: பேட்ச் ஒன்றியும் கண் கூர்மையாக விழவில்லை, இவிஎஃப்புக்கு (மின்னணு வியூஃபைண்டருக்கு) மாறலாமா?

நிழல்கோடு:
எம் மவுண்ட் (லைக்கா எம் லென்ஸ் பூட்டு) ரேஞ்ச்ஃபைண்டர் பாடி (இரட்டை பிம்பத்தை ஒன்றவைத்து ஃபோகஸ் செய்யும் கேமரா), 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ். 1 மீட்டரில் முகம். வியூஃபைண்டரின் நடுவிலுள்ள சிறு கட்டமான பேட்ச்சில் இமையின் இரட்டை பிம்பம் சுத்தமாக ஒன்றிய பிறகு, கண் ஃபிரேமின் மேல் பக்கம் வரும்படி கேமராவைக் கீழே சாய்த்து எடுக்கிறேன். படத்தில் கண் மழுங்கி, காதோரக் கிருதா முடி கூர்மையாக இருக்கிறது. எஃப் 4-ல் இந்தத் தொல்லை இல்லை. பாடியை சர்வீஸுக்குக் கொடுக்கவா, இல்லை லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்டி இவிஎஃப்பில் ஃபோகஸ் செய்யவா?

வெள்ளிஉப்பு:
சர்வீஸுக்கு ஓடாதீர்கள், முதலில் சாய்ப்பதைப் பாருங்கள். 1 மீட்டரில் எஃப் 1.4-க்குக் கிடைக்கும் மொத்த ஆழம் (கூர்மையாகத் தெரியும் தூர வரம்பு) ஏறக்குறைய 3 செ.மீ. செங்குத்து ஃபிரேமில் கண்ணை மேலிருந்து கால்வாசியில் வைக்க 10 டிகிரி சாய்க்க வேண்டும். ஃபோகஸ் தளமும் கூடவே சாய்ந்து கண்ணுக்கு 1.5 செ.மீ. பின்னால் போய்விடும். ஆழத்தின் முன்பாதி அங்கேயே தீர்ந்தது. மேல் விளிம்பை ஒட்டி வைத்தால் 15 டிகிரி, பிழை 3.4 செ.மீ. கிருதா சரியாக அங்கேதான் இருக்கிறது! எஃப் 4-ல் ஆழம் 9 செ.மீ. என்பதால் பிழை மறைகிறது.

சாய்த்த பிறகு உடம்பை 2 செ.மீ. பின்னால் நகர்த்தி எடுத்துப் பாருங்கள், நிறையச் சரியாகும்.

கண்ணாடிவளை:
மேலே சொன்னது சரி. ஆனாலும் பாடியைச் சோதிக்காமல் விடக்கூடாது. முக்காலியில் வைத்து, 45 டிகிரி சாய்ந்த அளவுகோலின் நடுக் கோட்டில் பேட்ச்சை ஒன்றவைத்து, சாய்க்காமல் எஃப் 1.4-ல் எடுங்கள். அதே கோடு கூர்மையாக வந்தால் பாடியும் லென்ஸும் நலம். பின்னால் போனால் இன்னொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள்: இரண்டும் ஒரே பக்கம் தவறினால் பாடி, ஒன்று மட்டும் தவறினால் அந்த லென்ஸின் கேம் (பாடியின் ரோலரைத் தள்ளும் பாகம்). 1 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தில் முடிவிலி ஃபோகஸையும் பாருங்கள். மவுண்டுக்குள் தெரியும் ரோலரின் திருகை நீங்களே திருப்ப வேண்டாம். முடிவிலியைச் சரிசெய்தால் அருகாமை கெடும்.

பேட்ச்சின் துல்லியம் போதாது என்ற கவலை வேண்டாம். 69.25 மி.மீ. அடித்தளத்தை (ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம்) வியூஃபைண்டரின் 0.72 உருப்பெருக்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 50 மி.மீ.; உங்கள் லென்ஸுக்கு அது தாராளம். 90 மி.மீ. எஃப் 2 என்றால்தான் 1.25 மடங்கு பெருக்கும் ஐபீஸ் தேவைப்படும்.

நிழல்கோடு:
அளவுகோல் சோதனையில் நடுக்கோடு கச்சிதம். அப்படியானால் சாய்ப்புதான். இவிஎஃப்பில் பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியை) நம்பலாமா?

முகப்புலென்ஸ்:
எஃப் 1.4-ல் நம்பாதீர்கள். பீக்கிங் மாறுபாடு கூடிய விளிம்புகளைத்தான் காட்டுகிறது. இமை, புருவம், மூக்குக் கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஒன்றாகச் சிவக்கும். பீக்கிங் அளவைக் குறைவில் வைத்து, தோராயமாகப் பிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு உருப்பெருக்கிப் பெட்டியைக் கண் இருக்கும் இடத்துக்கே நகர்த்தி, இமை முடி பிரிந்து தெரியும் வரை வளையத்தைத் திருப்புங்கள். சாய்க்க வேண்டிய தேவையே இல்லை. இவிஎஃப்பின் உண்மையான லாபம் இதுதான். எடுக்கப்போகும் எஃப் எண்ணிலேயே ஃபோகஸ் செய்தால், துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் தளம் நகரும் கோளாறும் கணக்கில் வந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அதைக் காணவே முடியாது.

விலையும் உண்டு. பெருக்கிப் பார்க்கும் அந்த இரண்டு நொடிக்குள் எதிரே நிற்பவர் 2 செ.மீ. அசைந்துவிடுவார், அதனால் மூன்று படம் தொடர்ச்சியாக எடுங்கள். எம் லென்ஸை மாட்டும் அடாப்டரின் தடிமன் சோனி இ மவுண்டுக்கு 9.8 மி.மீ., நிக்கான் இசட் மவுண்டுக்கு 11.8, கொஞ்சம் குறைந்திருந்தால் தூர அளவுக் குறிகள் பொய்யாகும், இவிஎஃப் ஃபோகஸ் பொய்யாகாது. 28 மி.மீ.க்குக் கீழுள்ள பழைய அகலக் கோண லென்ஸ்களில் ஓரங்கள் குழையலாம், சென்சார் மேலுள்ள கண்ணாடியின் தடிமன்தான் காரணம்.

35 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டரில் தெருவில் எடுக்க ரேஞ்ச்ஃபைண்டரையே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிலும் பேட்ச்சில் இரைச்சல் வராது, ஃபிரேமுக்கு வெளியே என்ன வருகிறது என்பதும் தெரியும்.