காஸ் (KAWS) கம்பானியன் பொம்மை பிசுபிசுக்குது, போலியா?

கேள்வி: அமெரிக்கக் கலைஞர் காஸோட கம்பானியன், வினைல் பிளாஸ்டிக் பொம்மை, 2016 ஓபன் எடிஷன் (எண்ணிக்கை வரம்பு வைக்காத பதிப்பு). உறையோட பெட்டியிலேயே இருந்தது. இப்போ தொட்டா விரல் ஒட்டுது. போலியா இருக்குமோ?

பதில் 1: அதை வச்சு போலின்னு சொல்ல முடியாதுங்க. வினைலை இளக்கச் சேர்க்கிற எண்ணெய் மெல்ல மேலே கசியும். உறைக்குள்ள காத்தோட்டம் இல்லேன்னா அப்படியே படிஞ்சிடும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, மெல்லிய துணியால துடைங்க. தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க, பெயின்ட் போயிடும்.

பதில் 2: காய்ஞ்சதும் பழைய கவரை மறுபடி சுத்தாதீங்க. ஜன்னலோரமும் வேண்டாம், வெயில்ல வெளுத்தா திரும்பாது. போலியான்னு பார்க்க, கண்ணுல இருக்கிற எக்ஸ் ஓரத்தையும் பாத அடியில இருக்கிற எழுத்தையும் லென்ஸ் வச்சுப் பாருங்க, மழுங்கியிருந்தா சந்தேகம்தான்.

பதில் 3: பேர்பிரிக்ல (கரடி வடிவ சேகரிப்பு பொம்மை) இந்தத் தொல்லை குறைவு, அது கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஆனா அதுல 1000%னு சொல்ற பெரிய சைஸ் 70 செ.மீ. உயரம், இடத்தை அளந்துட்டு வாங்குங்க!