பட்டாசுக்கு நடுங்கும் நாய்: தடை கேட்பதா, நேரம் கேட்பதா?

கறுப்பி வீட்டுக்காரி:
எங்கள் கறுப்பிக்கு ஆறு வயது. இடி இடித்தால் காதை நிமிர்த்துவாள், அவ்வளவுதான். பட்டாசு என்றால் மட்டும் ஆளே மாறிவிடுகிறாள். நேற்று இரவு முதல் வெடி கேட்டதுமே, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சாண் இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டாள். அவள் ஓடிய வழியெல்லாம் தரையில் ஈரத் தடம். சிறுநீர் என்று நினைத்துத் துடைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது உள்ளங்கால் வியர்வை. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை. வெடி நின்றபோது மணி ஒன்று. கதவு நிலையைப் பிறாண்டியதில் ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வந்திருந்தது.

கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்கிறார்களே, உண்மையா? பட்டாசைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்பது அதிகப்படியா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஈரமூக்கு:
தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள் அக்கா. பயம் என்ன சேட்டையா, செல்லம் கொடுத்தால் வளர்வதற்கு? ஆனால் ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். அந்த இடுக்கையே போர்வை போட்டுப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் கவனம். எங்கள் நாய்ப் பையனுக்கு முன்பு அசிப்ரோமசின் என்ற அசத்தும் மாத்திரை கொடுத்தார்கள். கால் தள்ளாடிப் படுத்துவிட்டான், நாங்களும் தூங்குகிறான் என்று நிம்மதியாக இருந்தோம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வெடிக்கும் கண் மட்டும் அகல விரிகிறது. அது உடம்பைக் கட்டிப்போடுமே தவிர, பயத்தைத் தொடாது. அந்தக் கண்ணை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சத்தப் பயத்துக்கென்றே டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2015இல் அனுமதித்தார்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவ வேண்டும், விழுங்கிவிட்டால் சரியாக வேலை செய்யாது. இதயக் கோளாறு இருந்தால் கூடாது, அதனால் மருத்துவரைக் கேட்டுத்தான். வெடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவ வேண்டும்.

தெருவிளக்கு:
நாயின் கஷ்டம் புரிகிறது. ஆனால் வருடத்தில் சில நாள் சந்தோஷத்தையும் தடை செய்யச் சொல்வது சரியில்லை. இதைச் செய்து பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. தடை போட்டால் திருட்டுத்தனமாக விற்பார்கள், அது இன்னும் ஆபத்து.

மாடிக்காற்று:
தெருவிளக்கு, முழுத் தடைக்கும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. கலாபகஸ் தீவுகளில் 2018 கடைசியில் சத்தமுள்ள பட்டாசை மட்டும் தடுத்தார்கள், சத்தமில்லாத வாணவேடிக்கைக்குத் தடையில்லை. இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு விற்கும் பட்டாசின் சத்தம் 120 டெசிபலைத் தாண்டக் கூடாது, விசேஷ நாள் தவிர இரவு 11 முதல் காலை 7 வரை வெடிக்கவும் கூடாது. டெசிபல் கணக்கில் பத்து கூடினாலே ஒலியின் செறிவு பத்து மடங்கு. கீச்சென்ற ஒலியில் நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு அத்தனை அதிர்வு) நின்றுவிடும், நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். ராக்கெட் சீறும்போது நமக்குக் கேட்காததும் அதன் காதில் விழலாம்.

கறுப்பி வீட்டுக்காரி:
ஈரமூக்கு எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு என்ன வேண்டும் என்பதே தெளிவானது. ஒரு மணி நேரம் முன்னால் மருந்து தடவ வேண்டுமென்றால், எப்போது வெடிக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? இங்கே ஒரு நாள் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும், நினைத்த நேரத்தில் ஒரு வெடி. வெடிக்கும் வெடிக்கும் நடுவில் இருபது நிமிட அமைதி. அந்த அமைதியில்தான் கறுப்பி அதிகம் நடுங்குகிறாள், அடுத்தது எப்போது என்று தெரியாமல்.

தெருவிளக்கு, உங்களோடு எனக்குச் சண்டையில்லை. மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் எல்லாம் இருக்கட்டும். வெடிக்கு மட்டும் ஒரு நேரம் வையுங்கள், மாலை இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த விசேஷத்துக்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போய் இதைக் கேட்கப் போகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பிய்ந்த நகத்தைக் காட்டினேன். பெரியவன் கேட்டான்: "அக்கா, நாங்க வெடிக்கிறதுக்கு முன்னாடி வந்து சொல்லட்டுமா?"