முன் பிரேக் புடிச்சா ஃபோர்க்கே அதிருது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, தர்மபுரியிலிருந்து எழுதறேன். ஸ்டீல் சைக்ளோகிராஸ் வண்டி (மண் ரோட்டுலயும் ஓடற ரேஸ் சைக்கிள்), ஃபோர்க்கும் (முன் வீல புடிச்சிருக்கற கவை) ஸ்டீல், கேன்டிலீவர் பிரேக் (ரிம்முக்கு ரெண்டு பக்கமும் இருக்கற கைய நடுவுல ஒரு கேபிள் மேல இழுத்துப் புடிக்கறது), 35 மி.மீ. டயர், மட்கார்டு உண்டு, ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர்ல செகண்ட் ஹேண்டா வாங்குனது. நல்லம்பள்ளிக்கு வேலைக்குப் போறது, காய்கறி மூட்டை, ஏரிக்கரை மண் ரோடு, எல்லாத்துக்கும் இதே ஒரு வண்டிதான், அவ்ளோ புடிச்ச வண்டி.

ஒரு மாசமா முன் பிரேக்க மெதுவா புடிச்சா ஒண்ணுமில்ல, கொஞ்சம் அழுத்துனா ஃபோர்க் முன்னும் பின்னும் தடதடன்னு ஆடுது. போன ஞாயிறு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் எறக்கத்துல ஹேண்டில் கையில நிக்கல, நெஜமாவே பயந்துட்டேன்.

புது பிரேக் கட்டை போட்டேன், கட்டையோட முன்பக்கம் மொதல்ல ரிம்ல படற மாதிரி விசிட்டிங் கார்டு மடிச்சு வெச்சு சாய்ச்சுப் பாத்தேன், ரிம்ம உப்புத்தாள் தேச்சு ஸ்பிரிட்ல தொடச்சேன், வீல் கோட்டம் எடுத்தாச்சு, ஹெட்செட்ல (ஹேண்டில் திரும்பற பேரிங்) ஆட்டம் இல்ல. ரெண்டு நாள் நல்லாருக்கும், மறுபடி அதே கதை. கேபிள் ஸ்டாப்பர் (பிரேக் கேபிளோட வெளி உறை வந்து நிக்கற துண்டு) மேல ஹெட்செட்கிட்ட இருக்கு, பிரேக் புடிக்கறப்ப ஃபோர்க் பின்னால வளைஞ்சு கேபிள இன்னும் இழுக்குது, அதான் காரணம்னு நெனைக்கிறேன். சாதா வி பிரேக் (நீளக் கை வெச்சு, கேபிள் பக்கவாட்டுல இழுக்கற பிரேக்) என்னோட டிராப் பார் (கீழ வளைஞ்ச ஹேண்டில்) லீவருக்கு ஒத்து வராது, கை குட்டையான மினி வி போட்டா மட்கார்டு இடிக்குமோன்னு யோசனை.

இதே மாதிரி ஸ்டீல் ஃபோர்க் வெச்சிருக்கவங்க சொல்லுங்க, ஸ்டாப்பர ஃபோர்க் கிரவுனுக்கு (ஃபோர்க்கோட ரெண்டு காலும் மேல சேர்ற எடம்) எறக்குனா அதிர்வு நிக்குமா, இல்ல மினி வி-க்கே மாறிடணுமா?