உருத்திரபுரம் குடியேற்றம் – அப்பப்பா எந்த வருசம் வந்தவர் எண்டு எப்பிடித் தேடுறது?

வாய்க்கால்கரை:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட அப்பப்பா வரணியில இருந்து கிளிநொச்சிக்கு வந்து உருத்திரபுரத்தில காடு வெட்டிக் குடியேறின ஆள். எந்த வருசம் வந்தவர், ஆரோட வந்தவர், வரணியில அவற்ற தாய் தகப்பன் ஆர் எண்டு கேட்டா அப்பாவுக்கும் வடிவாத் தெரியாது, ஏனெண்டா அப்பப்பா சாகேக்க அப்பாவுக்குப் பத்து வயசுதான். அப்பா 64ல பிறந்தவர், கடைசிப் பிள்ளை. 96ல இடம்பெயரேக்க பாதி போச்சு, மிச்சம் 2009ல போச்சு, பெர்மிட், உறுதி, சாதகம் ஒண்டும் கையில இல்லை. சொந்தக்காரர் எல்லாம் "அவர் 36ல வந்த முதல் செற்" எண்டு சொல்லினம். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது மூண்டு ஏக்கர் வயலும் ரெண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் இருந்தது எண்டது மட்டும்தான்.

இப்ப மாமியிட்ட இருந்து அப்பப்பான்ர கல்வெட்டில (செத்தவீட்டுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம்) ரெண்டு பக்கம் போட்டோக்கொப்பி கிடைச்சிருக்கு. வம்சவழி இருந்த பக்கம் இல்லை. செத்த நாளைச் சொல்லுற திதி வெண்பா மட்டும் இருக்கு, அதில ஆனந்த வருசம், ஆவணி, பூர்வபக்கம் (வளர்பிறை), தசமி எண்டு வருது. அகவை 58 எண்டும் கீழ போட்டிருக்கு. உறுதி பதியிற காணிக் கந்தோர்ல அப்பப்பான்ர பேரில தேடினா ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். இனி எங்க போய்க் கேக்கிறது எண்டு தெரியேல்ல. அப்பா இருக்கேக்கயே இதை எழுதி வைக்கோணும் எண்டு நினைக்கிறன், ஆருக்கும் வழி தெரிஞ்சா சொல்லுங்கோ.

பழைய காரியாலயம்:
தங்கச்சி, காணிக் கந்தோர்ல இல்லை எண்டதுக்குக் கவலைப்படாதேங்கோ. குடியேற்றக் காணி எல்லாம் 1935ம் ஆண்டின்ர காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ர கீழ பெர்மிட்டா குடுத்தது, நிலம் அரசாங்கத்தின்ர பேரிலதான் இருந்தது, நொத்தாரிசு எழுதின உறுதி இல்லை, அதால காணிக் கந்தோர்ல அந்தப் பேரில ஏடு திறந்திருக்காது. பிறகு பெர்மிட்டை மாத்தி அளிப்பு (அரசாங்கம் காணியை எழுதிக் குடுக்கிற பத்திரம்) எடுத்தவையின்ரதான் அங்க பதிவாகும். நீங்கள் பாக்க வேண்டியது பிரதேச செயலகத்தில காணிப் பிரிவில இருக்கிற லெட்ஜர். அதில துண்டு இலக்கம், பெர்மிட் இலக்கம், குடுத்த திகதி, பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணி சேரவேண்டிய ஆள்) ஆர் எண்டதெல்லாம் வரிசையா இருக்கும். பேரைச் சொல்லிக் கேட்டா தேடமாட்டினம், உருத்திரபுரத்தில கந்தையா எண்டு எத்தினை பேர். எத்தினையாம் வாய்க்கால், பக்கத்துக் காணிக்காரர் ஆர், இப்ப அந்தக் காணியில ஆர் இருக்கினம் எண்டு அறிஞ்சு துண்டு இலக்கத்தோட போங்கோ.

இன்னொண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984ல. அதுக்கு முதல் கரைச்சி எல்லாம் யாழ்ப்பாண மாவட்டம், மேலிடத்துக் கடிதங்கள், காணிக் கச்சேரி (காணி குடுக்க வைக்கிற விசாரணைக் கூட்டம்) வைச்சு ஆக்களைத் தெரிவு செய்த பைல்கள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின்ர கந்தோருக்குப் போனது. அதால கிளிநொச்சியில இல்லை எண்டா அங்கயும் கேக்கோணும். அந்தக் காலத்தில காரியாதிகாரி கந்தோர், டி.ஆர்.ஓ எண்டு சொல்லுறது, பிறகு உதவி அரசாங்க அதிபர், இப்ப பிரதேச செயலாளர், எல்லாம் ஒரே கதிரைதான், கடிதத் தலைப்பில இந்தப் பேர் எது இருந்தாலும் தூக்கி எறியாதேங்கோ. அரசாங்க அதிபர்மார் எழுதின நாட்குறிப்பு, நிர்வாக அறிக்கை எல்லாம் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில இருக்கு. அதில உங்கட அப்பப்பாவின்ர பேர் வராது. ஆனா எந்தத் துண்டு எப்ப திறந்தது, தண்ணி எப்ப வந்தது, எத்தினை பேர் விட்டிட்டு ஓடினவை எண்டது வரும்.

36 எண்டது எனக்குச் சந்தேகமா இருக்கு. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936ல தொடங்கினது உண்மை, ஆனா அந்த ஆரம்பத் திட்டங்கள்ல பொதுவா அஞ்சு ஏக்கர் வயலும் மூண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் குடுத்தது. மூண்டும் ரெண்டும் எண்டு குறைஞ்சது 1953க்குப் பிறகு. பெர்மிட் காணியை நினைச்சபடி துண்டு போட்டு விக்கவும் ஏலாது. உங்கட அப்பா சொல்லுற கணக்கு சரியெண்டா அப்பப்பா 50களில வந்த ஆளா இருக்கத்தான் சந்தர்ப்பம் கூட. லெட்ஜர்ல திகதியைப் பாக்கிறவரைக்கும் இது அனுமானம்தான். ஆனா 36ல அவரின்ர தமையனோ சித்தப்பாவோ வந்து, இவர் அவையோட நிண்டு வேலை செய்து பிறகு தனிக்காணி எடுத்திருக்கலாம், அப்பிடி நிறையக் குடும்பம் எனக்குத் தெரியும். முதல் வந்தவை மலேரியாவில பட்ட பாடு சொல்லேலாது, ஆம்பிளையள் மட்டும் வந்து மாரிமழைக்குக் காலபோகம் விதைச்சு அறுத்துப்போட்டு மூட்டையோட ஊருக்கு ரயில் ஏறிடுவினம். நுளம்புக்கு DDT மருந்து அடிக்கத் தொடங்கின பிறகுதான் பெண்டுபிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து இருக்கத் தொடங்கினது.

ஏட்டுச்சுவடி:
திதி வெண்பாவே பெரிய சொத்து அக்கா. ஆனந்த வருசம் எண்டா 1974 சித்திரையில இருந்து 75 பங்குனி வரைக்கும். அதுக்கு முந்தின ஆனந்த 1914, அது பொருந்தாது. 74 ஆவணியில வளர்பிறை தசமி ஆகஸ்ட் 27ஐ ஒட்டி வரும். இந்தத் திகதியோட இறப்புச் சேர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப் போடுங்கோ, திகதி தெரியாமப் போனா இடாப்பைத் தேடுறதுக்கே காலம் போகும். இறப்புப் பதிவில தொழில், தாய் தகப்பன் பேர், அறிவிச்ச ஆள் ஆர் எண்டெல்லாம் கேட்டிருப்பினம். அகவை 58 எண்டா பிறந்தது 1916 அளவில.

அதைவிடச் சுகமான வழி ஒண்டு உங்கட வீட்டிலயே இருக்கு. உங்கட அப்பான்ர பிறப்புச் சேர்ட்டிபிகேட்டின்ர முழுப்பிரதி எடுங்கோ. அதில "பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின்" எண்டு ஒரு கூடு இருக்கும், அதுக்குக் கீழ பாட்டன்ர முழுப்பேர், பிறந்த வருசம், பிறந்த இடம். அப்பான்ர பாட்டன் எண்டா உங்களுக்குப் பூட்டன். சுருக்கிக் குடுக்கிற பிரதியில இது வராது, முழுப்பிரதி எண்டு எழுதிக் கேளுங்கோ. மூத்த மாமியளின்ர பதிவையும் எடுங்கோ, தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போறது வழக்கம், அதால கிளிநொச்சியில தேடினா கிடையாது, அப்பம்மான்ர ஊர்ல பதிஞ்சிருப்பினம்.

கல்வெட்டின்ர மிச்சப் பக்கத்துக்கு நூலகம் எண்ட இணையத் தளத்தில தேடிப் பாத்தனீங்களோ? அங்க நினைவு மலர் நிறைய ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். அப்பப்பான்ர பேரில மட்டும் தேடாதேங்கோ. அவரின்ர சகோதரம், மைத்துனன்மார், வரணியில அந்த வட்டாரத்தில ஆர் செத்து மலர் அடிச்சாலும் கடைசிப் பக்கத்தில வம்சவழி மரம் போட்டிருப்பினம், அதில உங்கட ஆக்கள் ஒரு மூலையில வருவினம். கோயில் கும்பாபிஷேக மலரும் அப்பிடித்தான்.

பாரதிபுரம் 77:
அக்கா நானும் கிளிநொச்சிதான். உங்க தேடல் நல்லபடியா முடியணும். ஒரு விசயம் மட்டும் சொல்லிக்கிறேன், இதை எழுதும்போது பெர்மிட் வச்சிருந்தவங்கள மட்டும் குடியேறினவங்கன்னு எழுதிறாதீங்க. எங்க தாத்தா பாட்டி மாத்தளைப் பக்கம் தோட்டத்துல இருந்து 77 ஆகஸ்ட் கலவரத்துல வீடு எரிஞ்சு உடுத்த துணியோட வந்தவங்க. எங்களுக்கு முன்னாடியே 58 கலவரத்துக்குப் பிறகும் வந்தவங்க இருக்காங்க. பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் காட்டை வெட்டிக் குடிசை போட்டுட்டு வாய்க்கால் ஓரமா இருந்த உங்க மாதிரி குடும்பங்களோட வயல்ல நாத்து நட, களை எடுக்க, அருவி வெட்ட (நெல்லு அறுக்க)ன்னு கூலிக்குப் போனாங்க. பாட்டி சாகுற வரைக்கும் யாரோட வயல்ல எந்தப் போகத்துல எவ்வளவு நெல்லு கூலியா தந்தாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, உங்க அப்பப்பா வயல் பேரும் இப்படி யாராவது ஒரு பாட்டி வாயில இருக்கும், அப்பா கூட வந்து எங்க பக்கம் வயசானவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, லெட்ஜர்ல இல்லாதது இவங்ககிட்ட இருக்கு.

எங்க ஆளுங்க யாராவது இதே மாதிரி தேடுறீங்கன்னா, தோட்டத்துல பிறந்தவங்க பிறப்புப் பத்திரத்துல தோட்டத்து பேரும் டிவிசனும் இருக்கும், அதை வச்சு அந்தத் தோட்டத்து ஆபீஸ்ல பழைய செக்ரோல் (தொழிலாளர் பேரும் சம்பளமும் எழுதுற பதிவேடு) கேக்கலாம். தாத்தா 1949 சட்டத்துல பிரஜாவுரிமைக்கு மனு போட்டவரா இருந்தா அந்தப் பைல்ல குடும்பத்துல எல்லார் பேரும் இருக்கும். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போன சொந்தக்காரங்க இருந்தா அவங்க பாஸ்போர்ட்ட பாருங்க, எங்க பெரியதாத்தா பிறந்த ஊர் பேர அதுலதான் கண்டுபிடிச்சோம்.

வாய்க்கால்கரை:
எல்லாருக்கும் பெரிய நன்றி, அழுகை வந்திட்டுது. அப்பான்ர பிறப்புச் சேர்ட்டிபிகேட் பாஸ்போர்ட் எடுக்கேக்க எடுத்த முழுப்பிரதி அலுமாரிக்குள்ள கிடந்தது, இவ்வளவு நாளும் ஆரும் அந்தக் கூட்டை வாசிக்கேல்ல. பூட்டன்ர பேர் இருக்கு, பிறந்த வருசம் 1882, இடம் வரணி இல்லை, கொடிகாமம் எண்டு போட்டிருக்கு! அப்பாவே திகைச்சுப்போனார். பாரதிபுரம் தம்பி, நீங்கள் சொன்னதைக் கேட்டு அப்பா உடனே ரெண்டு பேரின்ர பேர் சொன்னவர், அப்பம்மாவோட நாத்து நட வாற ஆக்களாம், அவையின்ர பிள்ளையள் இப்பவும் அங்கதான் எண்டவர். அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாறன், தனித்தகவல்ல நம்பர் போடுறன்.

ஒரு சந்தேகம், பூட்டன் கொடிகாமம் எண்டா குடும்பம் ஏன் வரணிக்கு வந்தது?

பழைய காரியாலயம்:
அனேகமா சீதனம். யாழ்ப்பாணத்தில சீதனக் காணி பெண்வழியா இறங்கிறது, மாப்பிளை பெண்ணின்ர வளவுக்குப் போய் இருக்கிறது. பூட்டி வரணியா இருப்பா. அதால இனிக் காணிக் கந்தோர்ல ஆம்பிளையளின்ர பேரைக் குடுக்காம பூட்டியின்ர பேரிலயும் அப்பம்மான்ர பேரிலயும் சீதன உறுதி தேடச் சொல்லுங்கோ. சீதன உறுதியில குடுக்கிற தாய் தகப்பன் பேர், அவைக்கு அந்தக் காணி முதுசமா (பரம்பரையா) வந்ததோ தேடியதேட்டமோ (தாங்கள் உழைச்சு வாங்கினதோ), எந்த உறுதிப்படி வந்ததோ எல்லாம் எழுதியிருக்கும், பழைய உறுதி இலக்கத்தைப் பிடிச்சு அடுத்ததுக்குப் போகலாம். காணியின்ர பேரை மாமியிட்ட கேளுங்கோ, வரணியில ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் இருக்கும், பரப்புக் கணக்கைவிட அந்தப் பேர்தான் தேடுறவனுக்குக் கை குடுக்கும். லெட்ஜர்ல பெர்மிட் திகதி கிடைச்சா இங்க ஒருக்காப் போட்டு விடுங்கோ, அதே வாய்க்கால்ல இருந்த வேற குடும்பங்களும் தேடிக்கொண்டு இருக்கினம்.