மறு: “ஊசி வளைவு” வேண்டாமே, “ஊசி ஒதுங்கல்” எப்படி?

வணக்கம்.

நம் தையல் கலைச்சொல் பட்டியலில் கில்ட்டிங் ரூலருக்கு (பஞ்சு வைத்து மெஷினில் தைக்கும்போது வழி காட்டும் தடித்த சட்டம்) “வழிகோல்” என்று முடிவானதில் எனக்குச் சம்மதம். புட்டை, அதாவது ஊசியைச் சுற்றியிருக்கும் மெஷின் பாதத்தை, உரசிக்கொண்டு வழி காட்டுவதுதான் அதன் வேலை. அளவுகோல் என்று எழுதியிருந்தால் யாராவது பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துத் தைக்கப் பார்ப்பார்கள், அந்த மெல்லிசு புட்டுக்கு அடியில் நழுவி ஊசியை ஒடித்துவிடும்.

எனக்கு இடிப்பது, தைக்கும்போது ஊசி ஒரு கணம் பக்கவாட்டில் தள்ளப்படுவதற்கு அக்கா நேற்று எழுதிய “ஊசி வளைவு” தான். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போய்வந்த சேலத்துக்காரன் காதில் அது எப்படி விழும்? சரி, அது கிடக்கட்டும். வளைந்த ஊசி என்றால் கழற்றி எறிய வேண்டிய ஊசி. நாம் சொல்ல வருவது வேறு: ஊசி துணிக்குள் இறங்கியிருக்கிற நேரத்தில் கை துணியை இழுத்தால் ஊசி ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது, மேலே வந்ததும் நிமிர்ந்துவிடுகிறது. கழற்றிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் நேராகத்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் புரியாமல் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். மலையில் இருக்கும் தங்கைக்கு மார்கழிக் குளிருக்கென்று ஒரு பஞ்சுப் போர்வை. வழிகோல் வைத்து ஆரஞ்சுச் சுளை மாதிரி வரிசையாக வளைவுகள். நேர்க்கோட்டில் ஒன்றும் இல்லை, சுளையின் முனைக்கு வரும்போதெல்லாம் மேல்நூல் பட்டென்று போகும். மெக்கானிக் வந்தார், நூலை இறுக்கும் டென்ஷனைத் தளர்த்தினார், எண்ணெய் விட்டார், காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே இடத்தில் அறுந்தது.

அப்புறம் சேலம் குகைப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். புட்டைப் பார்க்கவே இல்லை, என் இடது கையைத்தான் பார்த்தார். “வளைவுல கோலைப் போட்டு அமுக்கறீங்க, ஊசி ஒதுங்குதுங்க” என்றார். சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றச் சொல்லி, நான் வழக்கமாக அமுக்குகிற மாதிரியே அமுக்கச் சொன்னார். ஊசி இறங்கும்போது துணிக்கு அடியிலுள்ள தட்டின் ஓட்டை விளிம்பில் கிரீச்சென்று உரசியது. பழைய நைலான் புடவைத் துண்டை அந்த ஓட்டையில் தேய்த்தால் ஒரே இடத்தில் மாட்டியது. அங்கே பிசிறு, இரும்பு கீறிக் கிளம்பிய சின்ன முள். ஊசி பட்டுப் பட்டு உண்டான பிசிறு, பிறகு ஊசி ஒழுங்காக இறங்கினாலும் நூலை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நைஸ் எமரித் தாளால் தேய்த்தோம். 75ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 90 போட்டேன். 90 என்றால் தண்டு 0.9 மில்லிமீட்டர், அவ்வளவு சுலபமாக ஒதுங்காது. கோலும் துணியும் சேர்ந்து நகரும் அளவுக்கு மட்டும் உள்ளங்கையை வைத்தேன், புட்டின் மேல் சாய்ப்பதை விட்டேன். டென்ஷனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாயிற்று.

“விலகல்” போதாதா என்று ஐயா கேட்டிருந்தார். தப்பில்லை, ஆனால் பள்ளியில் ஒளிவிலகல் படித்தவருக்கு அது பாடப்புத்தகச் சொல். ஒதுங்குவதில் ஒரு நெருக்கடியும் திரும்பி வருவதும் சேர்ந்தே இருக்கின்றன. மழைக்கு ஒதுங்கியவர் மழை விட்டதும் கிளம்பிவிடுகிறார். “வெளிக்கு ஒதுங்குவது” நினைவுக்கு வருகிறது என்று யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும், முன்னால் ஊசி என்று இருக்கிறதே.

இன்னொன்று. பட்டியலில் “நூல் அறுதல்” என்ற ஒரே பதிவில் எல்லாவற்றையும் போடாதீர்கள். நுனி சுத்தமாக வெட்டினாற்போல் இருந்தால் அறுதல், தும்பு தும்பாகப் பிரிந்திருந்தால் நைதல். நைந்திருந்தால் முதலில் ஊசிக் கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும், தடித்த நூலுக்குக் கண் பெரிதான டாப்ஸ்டிட்ச் ஊசி வேண்டும்.

என் வரைவு இது, வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்:

ஊசி ஒதுங்கல்: துணியோ வழிகோலோ தள்ளுவதால் ஊசி தன் பாதையிலிருந்து ஒரு கணம் விலகித் திரும்புவது. அடையாளம், தட்டில் உரசும் சத்தம், ஒரே திசையில் போகும்போது மட்டும் நூல் அறுவது.

பிசிறு என்பதற்கு லேத் பட்டறையில் வேறு சொல் புழங்கினால் அக்கா சொல்லட்டும், மாற்றிவிடலாம்.